அக்கிப் பழமும் லிச்சிப் பழமும்: ஒரு டைபெப்டைடின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

வெங்காயத்தைப் பற்றி நான் எழுதியிருந்த பதிவின் கீழே பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், டைபெப்டைடு என்பது புரதம் செரிக்கும்போது வருவதுதானே? அது வெங்காயத்துக்குள் எப்படி வந்தது?" நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் அது ஜமைக்காவுக்குப் போய், அங்கிருந்து பிகாருக்கு வந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளின் சாவில் போய் நிற்கிறது. அதனால்தான் இந்த நீளம்.

முதலில் பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்டிக்கொள்வோம். பிளஸ் டூவில் பெப்டைடு பிணைப்பைக் கரும்பலகையில் வரையச் சொன்னால் தண்ணீர் மூலக்கூறை வெளியே எடுக்க மறந்துவிடுவீர்களே, அதே பாடம்தான். ஒரு அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியும் இன்னொன்றின் அமினோ தொகுதியும் கை கோத்தால் அது டைபெப்டைடு. எமில் ஃபிஷர் 1901-ல் பெர்லினில் இரண்டு கிளைசின்களை இணைத்து கிளைசில்கிளைசின் என்று ஒன்றைச் செய்துகாட்டினார். இப்படி நூற்றுக்கணக்கில் கோத்துக்கொண்டே போனால் புரதம். திருப்பி வெட்டினால் மறுபடியும் சின்னத் துண்டுகள். நாம் சாப்பிடும் சாம்பார்ப் பருப்பின் புரதத்தை வயிறும் குடலும் வெட்டி வெட்டி, கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளாக்கி உறிஞ்சிக்கொள்கின்றன. முளைக்கப் போட்ட பயறுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சேமித்து வைத்த புரதத்தை உடைத்து, முளைக்கு ஊட்டுகிறது.

ஆனால் தாவரங்களில் இன்னொரு வகை டைபெப்டைடும் உண்டு. அது புரதம் உடைந்து வருவது அல்ல. குளூட்டாமிக் அமிலத்துக்கு இரண்டு கார்பாக்சில் தொகுதிகள். ஒன்று அமினோ தொகுதிக்குப் பக்கத்தில், மற்றொன்று வால்பக்கத்தில். புரதத்துக்குள் அது எப்போதும் பக்கத்துக் கையால்தான் அடுத்ததைப் பிடித்திருக்கும். வெங்காயம், பூண்டு, சில அவரை வகைகளில் அது வால் கையால் இன்னொரு அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு காமா-குளூட்டாமைல் டைபெப்டைடு என்று பெயர். ஃபின்லாந்தின் விர்த்தானன், 1945-ல் வேதியியல் நோபல் பெற்றவர், ஹெல்சிங்கி ஆய்வகத்தில் 1960-களில் வெங்காயத்திலிருந்து இப்படிப் பல டைபெப்டைடுகளைப் பிரித்தெடுத்தார். புரதத்தை வெட்டும் சாதாரண நொதிகள் இந்த வால்பிணைப்பைச் சுலபத்தில் தொடுவதில்லை. அதாவது, செடி வேண்டுமென்றே செய்து, பூட்டிப் பத்திரப்படுத்தி வைக்கிற சரக்கு இது. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

எதைப் பூட்டி வைக்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

அக்கி என்றால் நமக்கு உடம்பில் வரும் கொப்புளம். குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டு வருவோம். ஜமைக்காக்காரர்களுக்கு அக்கி என்றால் பழம், அவர்களுடைய தேசியப் பழம். மரம் மேற்கு ஆப்பிரிக்காவுடையது. 1778 வாக்கில் அடிமைக் கப்பல் ஒன்றில் ஜமைக்காவுக்கு வந்தது என்கிறார்கள். 'பவுண்டி' கப்பல் கலகத்தில் பெயர் அடிபட்ட கேப்டன் பிளை என்பவரை நினைவிருக்கிறதா? தோட்டத்து அடிமைகளுக்கு மலிவுச் சாப்பாடாக இருக்கும் என்று தாஹிட்டியிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளைக் கொண்டுவரப் போனவர் அவர். முதல் பயணம் கலகத்தில் முடிந்தது. இரண்டாம் பயணத்தில் 1793-ல் கன்றுகளை ஜமைக்காவில் இறக்கிவிட்டு, திரும்பும்போது இந்த அக்கியை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு எடுத்துப்போனார். அதனால் மரத்தின் தாவரவியல் பெயரே பிளைகியா சாப்பிடா.

பழம் பார்க்க அழகு. சிவப்புத் தோல், முற்றினால் தானாக மூன்றாக வெடிக்கும், உள்ளே பளபளவென்று மூன்று கறுப்பு விதைகள், ஒவ்வொரு விதையின் அடியிலும் வெண்மஞ்சளாகச் சதை. அந்தச் சதையை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்புக் கருவாட்டோடு வதக்குவார்கள். பார்த்தால் முட்டைப் பொரியல் மாதிரி இருக்கும். அந்தக் கருவாடும் வட அட்லாண்டிக்கிலிருந்து அடிமைகளுக்காக இறக்குமதியான மலிவுச் சரக்குதான். இன்றைக்கு அது தேசிய உணவு. ஏழையின் சட்டி பிற்பாடு விருந்தாகிற கதை எல்லா ஊரிலும் இருக்கிறது, நம் பழையசோறு உட்பட!

இந்தப் பழத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தானாக வாய் திறந்த பிறகுதான் பறிக்க வேண்டும். 'கொட்டாவி விட்ட பழம்' என்பார்கள் ஜமைக்காவில். மூடியிருக்கும் காயைப் பிளந்து தின்றால் ஆபத்து.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஜமைக்காவில் ஒரு நோய் வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில், நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று வாந்தியெடுக்கும். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும், மறுபடி வாந்தி, பிறகு வலிப்பு, நினைவிழப்பு, சாவு. எல்லாம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள். 'ஜமைக்கா வாந்தி நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1886 முதல் 1950 வரை சுமார் 5000 பேர் இதில் இறந்திருக்கலாம் என்பது ஒரு கணக்கு. மஞ்சள் காய்ச்சலா, வேறு தொற்றா என்று பலவிதமாகச் சந்தேகப்பட்டார்கள். 1916-ல் ஹரால்ட் ஸ்காட் என்ற மருத்துவர், இது அக்கிக் காயால் வருகிறது என்று விரிவாக எழுதினார். எழுதியும் விவாதம் ஓயவில்லை. ஊரே தின்னும் பழம். ஒரு வீட்டில் மட்டும், அந்த வீட்டிலும் ஒரு குழந்தை மட்டும் ஏன் சாகிறது? நியாயமான கேள்விதான்.

1954-ல் இரண்டு பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஜெலிஃபும் ஸ்டூவர்ட்டும் வாந்தி நோய் வந்த குழந்தைகளின் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்தில் கிடப்பதைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டு, ஜமைக்காவின் மோனா வளாகத்தில், தொடங்கி ஆறே வருடமான மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியில், ஹாசல், ரெய்லே, ஃபெங் என்ற மூவர் அக்கியிலிருந்து இரண்டு பொருள்களைப் பிரித்தார்கள். கொடுத்த விலங்குகளின் ரத்தச் சர்க்கரை இறங்கியது. அதனாலேயே ஹைப்போகிளைசின் ஏ, ஹைப்போகிளைசின் பி என்று பெயர்.

வேதியியல் பிள்ளைகள் இங்கே கவனியுங்கள். முதல் கட்டுரையின் தலைப்பில் இவற்றைப் பாலிபெப்டைடுகள் என்றுதான் போட்டிருந்தார்கள். மேலும் ஆராய்ந்ததில் 'ஏ' என்பது ஒரே ஒரு அமினோ அமிலம் என்று தெரிந்தது. எந்தப் புரதத்திலும் சேராத, மூன்று கார்பன் வளையம் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கும் விசித்திரமான அமினோ அமிலம். 'பி' என்பது அதே 'ஏ'-யின் மீது குளூட்டாமிக் அமிலம் வால் கையைப் போட்டுப் பிடித்திருக்கும் டைபெப்டைடு. நம் வெங்காய வகைப் பூட்டு!

பூட்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 'ஏ' சதையிலும் விதையிலும் இருக்கும். 'பி' விதையில் மட்டும்தான். காய் முற்ற முற்றச் சதையில் 'ஏ' குறைந்துகொண்டே போகிறது. விதையில் 'பி' ஏறிக்கொண்டே போகிறது. சதையிலிருக்கும் நஞ்சை விதை இழுத்து, குளூட்டாமிக் அமிலத்தோடு கட்டி, தன்னுள் பூட்டிவைத்துக்கொள்கிறது என்று இதை அளந்து பார்த்தவர்கள் விளக்குகிறார்கள். பூட்டிய 'பி'யின் நச்சும் 'ஏ'-யைவிடக் குறைவு. விதையைத் தின்றுவிடாதே, சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிட்டுப் போ என்று மரம் பறவைகளோடு பேசுகிற பேச்சு மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இது என் கற்பனை, பாடத்தில் எழுதிவிடாதீர்கள். பழம் வாய் திறக்கும்போது இந்த வேலை முடிந்திருக்கும். திறக்கும் முன் பறித்தால் பூட்டும் முன் தின்றதாகிறது. வேதியியல் எதுவும் தெரியாமலே 'கொட்டாவி விடட்டும்' என்று சொன்ன அந்தக் கிழவிகளை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

சரி, இது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? ராத்திரி சாப்பிட்டுப் படுக்கிறோம். சாப்பாட்டின் சர்க்கரை சில மணி நேரத்தில் தீரும். பிறகு கல்லீரல் கையிருப்பு கிளைக்கோஜனை எடுத்துவிடும். அதுவும் தீர்ந்தால் கொழுப்பை எரித்து, அந்தச் சக்தியில் புதுச் சர்க்கரையைத் தயாரித்து மூளைக்கு அனுப்பும். ஹைப்போகிளைசின் உடலில் மாறி உருவாகும் பொருள், கொழுப்பை எரிக்கும் நொதிகளை அடைத்துவிடுகிறது. கொழுப்பு எரியாவிட்டால் புதுச் சர்க்கரையும் இல்லை. 1970-களில் கே தனாகா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் நோயாளிகளின் சிறுநீரை ஆராய்ந்து இதை உறுதிசெய்தார்கள்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வாருங்கள், ஒரு குழந்தை மட்டும் ஏன்? வயிறு நிறையச் சாப்பிட்டு, கல்லீரலில் கையிருப்பு உள்ள குழந்தைக்குக் கொழுப்பு எரியும் வழி ஒரு ராத்திரி அடைபட்டாலும் விடியும் வரை தாங்கும். மெலிந்த குழந்தை, முந்தின இரவு சாப்பிடாத குழந்தை, அந்த வழி ஒன்றை மட்டுமே நம்பியிருக்கிறது.

காலை பிரேயரில் பிள்ளைகள் மயங்கி விழுவதை முப்பது வருடம் பார்த்தவள் நான். தண்ணீர் தெளித்து உட்காரவைத்து முதலில் கேட்பது "ராத்திரி என்னடா சாப்பிட்டே?" என்பதுதான். பதில் வராது. தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் எழுந்துவிட்டார்கள், ஏனென்றால் அவர்கள் உடம்புக்குள் எந்த வழியும் அடைபட்டிருக்கவில்லை.

அக்கியின் கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். அமெரிக்கா 1973-ல் இந்தப் பழத்தின் இறக்குமதியை நிறுத்தியது. 2000-ல், பத்து லட்சம் பங்கில் 100 பங்குக்கு மேல் ஹைப்போகிளைசின் ஏ இருக்கக்கூடாது என்ற வரம்போடு டப்பாப் பழத்தை மறுபடி அனுமதித்தது. மரத்தின் தாய்நாட்டுப் பக்கமான புர்கினா ஃபாசோவில் 1998-ல் ஜனவரி முதல் மே வரை 29 சின்னக் குழந்தைகள் பழுக்காத அக்கியால் இறந்தார்கள். ஜமைக்காவில் கண்டுபிடித்து 44 வருடம் கழித்து!

இனி நம் நாட்டுக்கு.

அக்கியின் குடும்பத்துக்குச் சாப்பின்டேசி என்று பெயர். நம் பூந்திக்கொட்டையின் குடும்பம். முடக்கத்தான் கீரையும் இதே குடும்பம்தான் (உடனே தோசை மாவைக் கீழே கொட்டிவிடாதீர்கள், குடும்பம் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது, நம் உறவுகளைப் பார்த்தாலே தெரியவில்லையா!). குற்றால சீசனில் விற்கும் ரம்புட்டானும் இதில் சேர்த்தி. லிச்சியும்.

லண்டனில் கிரே, ஃபவுடன் என்ற இருவர் 1962-ல் லிச்சி விதையிலிருந்து ஒரு அமினோ அமிலத்தைப் பிரித்தார்கள். பெயர் மெத்திலீன் சைக்ளோபுரோப்பைல் கிளைசின். அதே மூன்று கார்பன் வளையம்; ஹைப்போகிளைசின் ஏ-யைவிட ஒரே ஒரு கார்பன் குறைவு. தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை அச்சானது, நூலக அலமாரியில் ஏறியது.

1995 வாக்கிலிருந்து பிகாரின் முசாஃபர்பூரில், லிச்சித் தோட்டங்களுக்குப் பேர்போன ஊரில், ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் குழந்தைகள் சாகத் தொடங்கினார்கள். ராத்திரி நன்றாகத் தூங்கிய குழந்தை விடியற்காலையில் வலிப்போடு கத்தும். பிறகு நினைவு தப்பும். ஊர்மக்கள் 'சம்கி புகார்' என்றார்கள், வலிப்புக் காய்ச்சல் என்று பொருள். மழை பிடித்தால் நோய் நின்றுவிடும். மூளைக்காய்ச்சல் என்று வைத்து வைரஸைத் தேடினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலா, வெயிலா, பூச்சிமருந்தா என்று வருடக்கணக்கில் ஓடியது. வியட்நாமின் வடக்கே லிச்சி விளையும் இடங்களிலும், 2012-ல் வங்கதேசத்திலும் இதே மாதிரி நடந்தது. ஜமைக்கா ஏடுகளை யாரும் ஒளித்துவைக்கவில்லை. விதையை ஆராயும் வேதியியலாளரும் வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கி ஓடும் மருத்துவரும் ஒரே பத்திரிகையைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்'-இல் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இரண்டையும் முடிச்சுப் போட்டதில் நம் வேலூருக்குப் பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் வைரஸ் துறைப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற டி. ஜேக்கப் ஜான், முசாஃபர்பூர்க் குழந்தை மருத்துவர் அருண் ஷா, நச்சியல் ஆய்வாளர் முகுல் தாஸ் ஆகியோர் 2014-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். வாழ்நாள் முழுக்க வைரஸோடு மல்லுக்கட்டியவர், இது வைரஸ் இல்லை, மூளை அழற்சியே இல்லை, சர்க்கரை இறங்கி மூளை பட்டினி கிடக்கிறது என்றார். ஜேக்கப் ஜான் இதற்கு முன்பும் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மூளைக்காய்ச்சல் என்று முத்திரை குத்தப்பட்ட சாவுகளுக்குப் பேயாவரைக் காய்தான் காரணம் என்று கண்டறிந்த குழுவில் இருந்தவர்.

அதே 2014-ல் இந்திய, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் சேர்ந்து முசாஃபர்பூரின் இரண்டு மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தின. மே 26 முதல் ஜூலை 17 வரை சேர்க்கப்பட்ட குழந்தைகள் 390. இறந்தவர்கள் 122. நோய் கண்ட 104 பேரையும் அதே வயதில் வேறு காரணத்துக்காகச் சேர்க்கப்பட்ட 104 பேரையும் ஒப்பிட்டார்கள். முந்தின 24 மணி நேரத்தில் லிச்சி தின்றிருந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு. ராத்திரிச் சாப்பாடு இல்லாதிருந்தால் இரண்டு மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் துலங்கியது: இரவு சாப்பிட்ட குழந்தைக்கு லிச்சியால் வரும் ஆபத்து 3.6 மடங்கு, சாப்பிடாத குழந்தைக்கு 7.8 மடங்கு. சோதித்த 73 சிறுநீர் மாதிரிகளில் 48-ல் ஹைப்போகிளைசினுடைய அல்லது அதன் தம்பியுடைய எச்சம் இருந்தது. 2017 ஜனவரியில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' வெளியிட்டது.

இதைப் படித்துவிட்டு, "பேரனுக்கு லிச்சி கொடுக்கலாமா பெரியம்மா?" என்று குடும்ப குரூப்பில் நிச்சயம் யாராவது கேட்பீர்கள். பழுத்த பழத்தை, சாப்பிட்ட வயிற்றுக்கு, அளவாகக் கொடுங்கள். விதையைக் கடிக்க விடாதீர்கள். முசாஃபர்பூர் நகரத்து வீடுகளில் கூடைகூடையாக லிச்சி வாங்கித் தின்னும் குழந்தைகளுக்கு இந்த நோய் வந்ததாகச் செய்தி இல்லை. வந்ததெல்லாம் பெரும்பாலும் கிராமத்து ஏழை வீடுகளில். பகலெல்லாம் தோப்பில் உதிர்ந்த பழத்தையும் அரைப்பழத்தையும் பொறுக்கித் தின்னும் பிள்ளை. பழத்தில் வயிறு நிரம்பிவிடுவதால் ராத்திரி பசி தெரியாது, அப்படியே தூங்கிவிடும். வேலை முடிந்து அசந்துவந்த தாய், தூங்கும் பிள்ளையை எழுப்பி ஊட்டுவாளா? நாமே எழுப்புவதில்லையே.

ஆய்வுக்குப் பிறகு சொல்லப்பட்ட வைத்தியம் எளிமையானது: மே, ஜூனில் எந்தக் குழந்தையும் ராத்திரி பட்டினியாகத் தூங்கக்கூடாது, லிச்சியைக் குறைக்கவேண்டும், வலிப்போடு வரும் குழந்தைக்கு முதலில் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். சில ஆண்டுகள் நோய் வெகுவாகக் குறைந்தது. வெயிலுக்கும் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதையும் தள்ளிவிட முடியாது. 2019 ஜூனில் வெயில் கொளுத்தியபோது பிகாரில் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தொலைக்காட்சிக் காமிராக்கள் வார்டுக்குள் நுழைந்து, ஒரே கட்டிலில் இரண்டு மூன்று குழந்தைகளாகக் கிடந்ததைக் காட்டின. லிச்சியைத் தடைசெய்யலாமா என்று விவாதம் நடந்தது. ராத்திரிச் சோறு பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை.

கை வலிக்கிறது. கேசரிப் பருப்பின் நஞ்சை பெங்களூரில் கண்டுபிடித்த கதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்